அண்ணி சொன்ன பொய்கள்

எங்க அண்ணி மாதிரி பொய் சொல்ல தஞ்சாவூர் ஜில்லாவுலயே ஆள் கெடையாது. இதை நான் குத்தமாச் சொல்லலை. முப்பது வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா குத்தமாத்தான் சொல்லியிருப்பேன். அப்ப எனக்கு வாய் நீளம். இப்பவும் ஒண்ணும் கொறைஞ்சிடலை.

கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா, "இந்தத் தடவ கருவாடே உப்பாத்தான் வந்துச்சு அத்தை, கடைக்காரன்கிட்ட சண்டை போட்டுட்டுத்தான் வந்தேன்"ம்பாங்க. கடைக்காரன் அந்த வாரம் கடையே திறந்திருக்க மாட்டான். நான் பிளஸ் டூவுல கணக்குல கோட்டை விட்டப்ப, எங்க அம்மா வெளக்கமாத்தைத் தேடிக்கிட்டிருக்காங்க, அண்ணி அடுப்படியிலேந்தே சொல்றாங்க: "பேப்பர் திருத்துனவருக்குக் கண்ணாபரேசனாம் அத்தை, இந்தப் பக்கம் நெறைய புள்ளைங்களுக்கு மார்க்கு போச்சாம்." அம்மா வெளக்கமாத்தைப் போட்டுட்டு அந்த வாத்தியாருக்காக மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னாங்க.

ஆனா பொய் சொல்றப்ப அண்ணியோட கை சும்மா இருக்காது. பக்கத்துல இருக்குறது எதையாவது எடுத்து முந்தானையால துடைப்பாங்க. துடைச்சுக் கவுத்து வச்ச டம்ளரையே எடுத்து மறுபடியும் துடைப்பாங்க. அம்மாவுக்கு இது புரியலை. "என் மருமவ சுத்தம் யாருக்கு வரும்"னு பெருமைதான். நான்தான் கண்டுபிடிச்சேன். கண்டுபிடிச்சதை வெளியில சொல்லலை. நாத்தனாருக்கு இதெல்லாம் பின்னாடி உதவும்னு பத்திரமா வச்சுக்கிட்டேன்.

அவங்க பேரை நான் இங்க எழுதப்போறதில்லை. அவங்களுக்கு அது பிடிக்காது. அவங்க போயிட்டு வந்த பச்சிலை வைத்தியர் வீட்டு நோட்டுலகூட எங்க அம்மா பேரைத்தான் குடுத்து வச்சிருந்தாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுது.

நாங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. பட்டுக்கோட்டைப் பக்கம், குத்தகைக்கு நாலு மா நெலம். அப்பா இல்லை. அண்ணன் குவைத்துல ஏசி மெக்கானிக்கு. ஒரு தவக்காலத்துல கோயிலுக்கு நடந்து போறப்ப நான் அண்ணியைச் சீண்டினேன். "பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட என்னதான் சொல்வீங்க அண்ணி?"

"பொய் சொன்னேன் சாமின்னு சொல்வேன்."

"என்ன பொய்னு கேக்க மாட்டாரா?"

"கேக்க மாட்டாரு பாப்பா. நேரமாயிடும்னு அவருக்கே தெரியும்."

சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அப்படி இருந்தாங்க அவங்க. அந்தச் சிரிப்பு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அதுக்கப்புறம் அவங்க பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவே இல்லை.

எங்க வீட்டுல எச்சில்ங்கறது ஒரு பெரிய சட்டம். டம்ளரைத் தூக்கித்தான் குடிக்கணும், உதடு படக்கூடாது. ஒருத்தர் கடிச்சதை இன்னொருத்தர் தின்னக்கூடாது. சோத்துக் கையால கரண்டியைத் தொட்டா அம்மா கொழம்பையே தனியா எடுத்து வச்சிடுவாங்க. பக்கத்துத் தெருவுல ஒரு கொத்தனார் இருந்தாரு. சவுதிக்குப் போக மெடிக்கல் எடுத்தாரு, 'அன்ஃபிட்'னு அனுப்பிட்டாங்க. ரத்தத்துல கிருமியாம். ரத்தத்துல கிருமின்னா அந்தக் காலத்துல ஊரு எய்ட்ஸுன்னு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கும். அந்த மனுசனை அப்படித்தான் பேசினாங்க. அவரு எங்க வீட்டுக்கு மதிலு பூச வந்தப்ப, அம்மா அவருக்குன்னு ஒரு வெளிம்பு ஒடஞ்ச கண்ணாடி கிளாசைக் கொல்லைச் சுவத்து மேல வச்சாங்க. அவரு ஒருநாள் அதுல தண்ணி குடிச்சாரு. மறுநாள்லேந்து வேலைக்கு வரலை. அண்ணிதான் அந்தக் கிளாசைக் கழுவிக் கொண்டாந்து அடுப்படியில மத்த கிளாசோட வச்சாங்க. அம்மா அதைத் தூக்கிக் குப்பையில போட்டாங்க. அண்ணி பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

அடுத்த வருஷம் அண்ணனுக்கு அங்க சம்பளம் ஒசந்துச்சு, குடும்பத்தைக் கூப்பிட்டுக்கலாம்னு ஆச்சு. அப்ப பிரிட்டோவுக்கு நாலு வயசு. பிரிட்டோங்கறது அண்ணன் மவன், ஒரே புள்ளை. அண்ணிக்கு ஒரே சந்தோஷம். ஏரோபிளேன்ல புள்ளைக்குக் காது அடைக்குமாமே, மிட்டாய் வாங்கி வச்சுக்கணுமான்னு என்கிட்ட நாலு தடவை கேட்டாங்க. விசாவுக்கு மெடிக்கல் எடுக்கத் திருச்சிக்குப் போயிட்டு வந்தாங்க. ஒரு வாரம் கழிச்சு ரிசல்ட் வாங்கப் புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அதுக்கடுத்த வாரமும் போனாங்க. பஸ்ஸை விட்டு எறங்கி வந்ததும் அம்மா, "என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டாங்க.

"எல்லாம் நல்லா இருக்குன்னுட்டாங்க அத்தை"ன்னு சொல்லிக்கிட்டே அண்ணி டிபன் டப்பாவைத் துடைச்சாங்க. காலையில கழுவிக் காயவச்சு எடுத்துக்கிட்டுப் போன டப்பா.

பதினஞ்சு நாள் கழிச்சு, குவைத்துக்கு நான் வரலைன்னுட்டாங்க அண்ணி. எஸ்டிடி பூத்துல கண்ணாடிக் கதவுக்கு வெளியில நான் நிக்கிறேன். உள்ள அண்ணி போன்ல பேசுறது அரைகொறையாக் கேக்குது. "இல்லைங்க. அத்தையை விட்டுட்டு எப்படி வர்றது. வயலை யாரு பாக்குறது. இல்லைங்க, நான் வரலை." ஒரு கையில ரிசீவரு, இன்னொரு கை பூத்துக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருக்கு. அந்தப் பக்கத்துலேந்து அண்ணன் கத்துறது வெளியில எனக்கே கேட்டுச்சு.

வயலாம் வயல். எங்க அண்ணிக்கு நாத்து எது, கோரை எதுன்னு தெரியாது. ஆனா சொன்ன பொய்யை நெசமாக்கணும்ல? மறுநாள்லேந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு எறங்கிட்டாங்க. வாய்க்கால்ல மொறை தண்ணிக்கு ஆம்பளைங்களோட நின்னு சண்டை போட்டாங்க. நடவுக்கு வந்த பொம்பளைங்க மொத வருஷம் சிரிச்சாங்க, மூணாம் வருஷம் அண்ணிகிட்டயே யோசனை கேட்டாங்க. அம்மாவுக்குத் தலைகால் புரியலை. எனக்காகக் குவைத்தையே வேணாம்னுட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தாங்க.

குவைத்தை வேணாம்னு சொன்ன அந்தக் கோடையிலதான் அண்ணி எங்களுக்கெல்லாம் ஊசி போட வச்சாங்க. ஊர்ல காமாலை பரவுதாம், மூணு தவணை ஊசியாம், போடலைன்னா எங்கயும் வேலைக்குச் சேக்க மாட்டாங்களாம். எனக்குச் சொன்ன பொய் அது. அம்மாவுக்கு ஊசின்னா உசுரு போயிடும். மொத ஊசிக்கு டவுன்ல நற்செய்திக் கூட்டம்னு சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. மூணாவதுக்குப் புதுசா ஜவுளிக்கடை திறந்திருக்குன்னாங்க. கடையும் இல்லை, ஒண்ணும் இல்லை. அம்மா கையைத் தடவிக்கிட்டே வர்ற வழியெல்லாம் திட்டினாங்க. நானும் சேந்து திட்டினேன். அந்த ஊசி எதுக்குன்னு எனக்குத் தெரிய இன்னும் எட்டு வருஷம் இருந்துச்சு.

புள்ளைக்குக் கரும்புச் சாறு குடுக்க ஆரம்பிச்சது அப்பதான். முக்கூட்டு ரோட்டுல ஒரு கரும்பு மிஷின் உண்டு. தினம் ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு ஒரு பெரிய எவர்சில்வர் சொம்போட அண்ணி அங்க நிப்பாங்க. சாறு முழுக்கப் பிரிட்டோவுக்குத்தான். அவன் அண்ணாந்து குடிச்சு முடிக்கிற வரைக்கும் தொண்டையையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. காலையில குளுக்கோஸ் தண்ணி. அண்ணன் அனுப்புற பால்மாவுல நாலு கரண்டி சர்க்கரை. எண்ணெய் பலகாரம் மட்டும் கண்ணுல காட்ட மாட்டாங்க, அது ஆகாதாம். அவனுக்குன்னு தனி டம்ளரு, தனித் தட்டு, தனி சோப்பு, தனி நகவெட்டி. கீழ விழுந்து முட்டியில ரத்தம் வந்தா, தூக்கிவிட ஓடி வர்ற புள்ளைங்களை விரட்டிட்டுத் தானே தூக்குவாங்க. எனக்குக் கல்யாணமாகித் திருவாரூர் போயி, என் பொண்ணு பொறந்து, லீவுக்கு வந்தா, அவ வெளையாட்டா அண்ணி டம்ளரை எடுத்தாக்கூட வெடுக்குனு புடுங்கிடுவாங்க. குவைத்துக்காரி திமிருன்னு நான் என் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுவேன்.

புள்ளை பெருத்தான். கன்னம் ரெண்டும் தொங்கும். சட்டை பட்டன் நிக்காது. பார்த்தவங்க எல்லாம் குவைத்துப் பணம் புள்ளை மேல தெரியுதும்பாங்க. அதைக் கேக்குறப்ப அண்ணி முகத்துல வர்ற நிம்மதி இருக்கே, அதை நான் பெருமைன்னு நெனச்சேன். பள்ளிக்கூடத்துல அவனை மூட்டைன்னு கூப்பிடுவாங்க. பின்கழுத்து கருகருன்னு மடிப்பு மடிப்பா இருக்கும். அழுக்குன்னு நெனச்சு அண்ணி பீர்க்கங்கா நாரை வச்சுத் தேய்ப்பாங்க. அவன், "வலிக்குதும்மா"ன்னு அழுவான், அப்பவும் விட மாட்டாங்க. கழுத்து செவந்து புண்ணாகும். கருப்பு போகாது.

இனி என் கதைக்கு வர்றேன். மாசத்துல ஒரு சனிக்கிழமை அண்ணி காலையிலயே கிளம்பிடுவாங்க. கேட்டா, "மாதா கோயில் நவநாளு"ம்பாங்க. நான் லீவுக்கு வந்திருந்த ஒரு தடவை கோயில் சிஸ்டர் என்னை நிறுத்தி, "ஒங்க அண்ணி ஏம்மா நவநாளுக்கு வர்றதே இல்லை, பூசையில நன்மைகூட வாங்குறதில்லையே"ன்னு கேட்டாங்க. எனக்குச் சுருக்குனுச்சு. புருஷன் வெளிநாட்டுல. பொம்பளை மாசாமாசம் எங்கயோ போறா. கேட்டா பொய். என் புத்தி எங்க போகும்? வீட்டுக்கு வந்ததும் ஏரோகிராமை எடுத்து அண்ணனுக்கு எழுதினேன். 'அண்ணி போற எடம் சரியில்லை, கேட்டா மறைக்கிறாங்க, நீங்க வந்து என்னன்னு பாருங்க.' எழுதி ஒட்டி, போஸ்ட் பண்ணச் சொல்லி அண்ணிகிட்டயே குடுத்தேன். அவ்வளவு திமிரு எனக்கு.

அண்ணன் வரலை. அந்த வருஷம் வர வேண்டிய லீவை ரத்து பண்ணிட்டாரு. அடுத்த வருஷமும் வரலை. போன் வந்தா அம்மாகிட்டயும் புள்ளைகிட்டயும் பேசிட்டு வச்சிடுவாரு. அண்ணி பூத்துக்கு வெளியில நிப்பாங்க.

பிரிட்டோவுக்குப் பன்னெண்டு வயசுல வயித்துல வலது பக்கம் இழுத்துப் புடிக்கிற மாதிரி வலின்னு சொன்னான். நான் அப்ப ஊர்லதான் இருந்தேன். அண்ணி பச்சிலை அரைக்கப் போனாங்க. நான்தான் சண்டை போட்டுத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். புள்ளைங்களைப் பாக்குற ஒரு டாக்டரம்மா. வயித்தை அமுக்கிப் பாக்குறதுக்கு முன்னாடியே அவன் தலையைக் குனிய வச்சு, கழுத்தைத்தான் பார்த்தாங்க.

"இது அழுக்கு இல்லம்மா. தேய்க்காதீங்க. இனிப்பு ரொம்ப ஏறிப்போன உடம்புல இப்படி வரும்."

அண்ணி கையை மடக்கிக்கிட்டாங்க. ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சாங்க.

"ஈரல்ல நெறைய கொழுப்பு படிஞ்சிருக்கு. ஈரல் வீங்கியிருக்கு. இந்த வயசுல இது வரக்கூடாது. வீட்டுல யாருக்காவது ஈரல் கோளாறு, காமாலை, ரத்தத்துல ஏதாவது?"

"இல்லைங்க டாக்டர். யாருக்கும் இல்லை."

மேசை மேல ஒரு கண்ணாடிப் பேப்பர்வெயிட்டு. அண்ணி அதை எடுத்து முந்தானையால துடைச்சுக்கிட்டிருந்தாங்க.

பதினஞ்சு வருஷமாப் பத்திரமா வச்சிருந்ததை நான் அங்க எடுத்தேன். "அண்ணி, துடைக்காதீங்க. பொய் சொல்றப்பதான் நீங்க இப்படித் துடைப்பீங்க. புள்ளை உசுரு. நெசத்தைச் சொல்லுங்க."

அவங்க தன் கையைப் பார்த்தாங்க. அவங்களுக்கே அது தெரிஞ்சிருக்கலைன்னு நெனைக்கிறேன். பேப்பர்வெயிட்டை மெதுவா மேசையில வச்சாங்க. அப்புறம் பையோட அடியில, புடவை மடிப்புக்குள்ள இருந்து, நாலா மடிச்ச ரெண்டு காயிதத்தை எடுத்து டாக்டரம்மா முன்னாடி வச்சாங்க. ஒண்ணு அண்ணியோடது, இன்னொண்ணு நாலு வயசுப் பிரிட்டோவோடது. திருச்சியில எடுத்தது. ஹெபடைட்டிஸ் பி, ரெண்டு பேருக்கும்.

டாக்டரம்மா படிச்சாங்க. "எட்டு வருஷமாச்சு. எங்கயும் காட்டலையா?"

"ஈரலைப் பத்திரமாப் பாத்துக்கன்னு சொன்னாங்க. அதான் பாத்துக்கிட்டேன். மாசம் ஒரு சனிக்கிழமை பச்சிலை வைத்தியர்கிட்ட அத்தை பேரைச் சொல்லி மருந்து வாங்குவேன். தினமும் கரும்புச் சாறு, குளுக்கோஸ். ஒரு நாள்கூட விட்டதில்லைங்க."

"கரும்புச் சாறு குடுக்கச் சொல்லி யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. காமாலைக்குக் கரும்புச் சாறுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. கேட்டா, எதுக்குக் கேக்குறேன்னு கேப்பாங்களே டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சாங்க. அப்புறம் பொறுமையா, ஒவ்வொண்ணாச் சொன்னாங்க. பிரசவத்துல தாய்கிட்டேந்து புள்ளைக்கு வந்த கிருமி இது. யாரோட தப்பும் இல்லை, பாதிப் பேருக்கு இருக்குறதே தெரியாது. இவனுக்கு அது இப்ப ஈரல்ல தூங்கிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா அந்த ஈரல் மேலயே எட்டு வருஷமா சர்க்கரையைக் கொட்டிக் கொழுப்பா ஏத்தியாச்சு. ஒரு ஈரல் ரெண்டு சொமையைத் தாங்குது. கொழுப்பைக் கரைச்சிடலாம், இனிப்பை நிறுத்தி, ஓடியாட விட்டா போயிடும். கிருமியை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டே இருக்கணும். "ஒங்களையும் பாக்கணும்மா. ஒங்களுக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன்."

"எச்சில்பட்டா?"ன்னு அண்ணி கேட்டாங்க. "ஒரே தட்டுல சாப்பிட்டா? ஒரே டம்ளருல குடிச்சா?"

"வராது. ரத்தம் பட்டாத்தான். ஊசி, பிளேடு, அந்த மாதிரி. வீட்டுல எல்லாரும் தடுப்பூசி போட்டுக்கிட்டா கவலையே இல்லை."

"அதெல்லாம் போட்டாச்சுங்க"ன்னாங்க அண்ணி. எனக்கு ஜவுளிக்கடை ஞாபகம் வந்துச்சு. அங்கயே உக்காந்து அழணும்போல இருந்துச்சு.

பஸ் ஸ்டாண்டுல பிரிட்டோ ஒரு பெஞ்சுல தூங்கிட்டான். அண்ணி ஒரே ஒரு டீ வாங்கினாங்க. ஒரு வாய் குடிச்சாங்க, உதடு வச்சுத்தான். குடிச்சிட்டு அந்தக் கிளாசை என் பக்கம் நீட்டினாங்க. நீட்டிக்கிட்டே இருந்தாங்க. என் முப்பத்து மூணு வயசுல நான் அடுத்தவங்க வாய் வச்சதைக் குடிச்சதில்லை, என் புருஷன் குடிச்சதைக்கூட. வாங்கிக் குடிச்சேன். அவங்க வாய் பட்ட எடத்துலயேதான் குடிச்சேன். அப்பதான் அழுதாங்க. எட்டு வருஷத்து அழுகை. டீக்கடைக்காரர் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு.

"அண்ணி, அண்ணனுக்கு லெட்டர் போட்டது நான்தான்"னேன்.

"தெரியும் பாப்பா. நீதானே போஸ்ட் பண்ணக் குடுத்தே. பசை காயவே இல்லை."

"படிச்சீங்களா? படிச்சிட்டுமா போட்டீங்க?"

"கிழிச்சுப் போடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். நீ எழுதினதை நம்பினா அவருக்கு என் மேல மட்டும்தான் கோவம் வரும். நெசம் தெரிஞ்சா புள்ளையையும்ல சேத்து ஒதுக்குவாங்க. அந்தக் கொத்தனாரு கிளாஸ் மாதிரி, சுவத்து மேல இவன் டம்ளரை வச்சிருப்பாங்க. அதுக்கு இது தேவலாம்னு போட்டுட்டேன்."

ஒரு பொம்பளை தன் பேரைக் கெடுக்குற லெட்டரைத் தன் கையாலேயே தபால் பெட்டியில போட்டிருக்கா. அதை எழுதினவ நான். இதை எந்தச் சாமியார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்கு இன்னைய வரைக்கும் தெரியலை.

"பாவசங்கீர்த்தனத்துக்கும் அதனாலதான் போகலையா?"

"இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லணும்ல பாப்பா. மறுநாள் காலையில மறுபடியும் சொல்லப்போற பொய்யை வச்சுக்கிட்டு, அதை எப்படிச் சொல்றது?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "டாக்டரு என்ன சொன்னாரு?"ன்னாங்க. அண்ணி வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி நான் சொன்னேன்: "ஒண்ணுமில்லம்மா, உடம்பு ஜாஸ்தியாம், இனிப்பை நிறுத்தணுமாம்." அம்மா சாகுற வரைக்கும் அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அண்ணனுக்கு நான் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன், லெட்டரையும் சேத்து. அடுத்த மாசமே வந்துட்டாரு. ரெண்டு நாள் அண்ணிகிட்ட ஒரு வார்த்தை பேசலை. மூணாம் நாள் சாப்பிடுறப்ப அவங்க தட்டுலேந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கிட்டாரு. "வெக்கங்கெட்டவன்"னு அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போயிட்டாங்க.

அப்புறம் நடந்ததுதான் எங்க வீட்டுல நடந்த பெரிய வேலை. பிரிட்டோ அழுதான், கரும்புச் சாறு வேணும்னு. "மிஷின் ரிப்பேருடா"ன்னாங்க அண்ணி. மிஷின் ஓடுற மணிச் சத்தம் தெருவுல கேட்டுக்கிட்டே இருக்கு. அவனும் கேட்டுக்கிட்டே, "எப்பம்மா சரியாகும்?"பான். வாய்க்கால் கரையில தினம் ரெண்டு பேரும் நடப்பாங்க, முன்னாடி அண்ணி, பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டே அவன். மூணு வருஷத்துல கொழுப்பு எறங்கிடுச்சு. கழுத்துக் கருப்பும் போயிடுச்சு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ஒரு தடவைகூடத் தவறாம, தஞ்சாவூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. நான் கேப்பேன், "நீங்க பாத்தீங்களா அண்ணி?" "பாத்துட்டேன் பாப்பா. நார்மல்னுட்டாங்க." போன்ல கேட்டுக்கிட்டிருந்தேன். போன்ல கை தெரியாதுல்ல.

அப்ப பிரிட்டோவுக்கு இருபத்திரண்டு வயசு, மெட்ராஸ்ல வேலை. அண்ணிக்கு வயிறு உப்ப ஆரம்பிச்சுது. சாப்பாடு எறங்கலை. இழுத்துக்கிட்டுப் போயி ஸ்கேன் எடுத்தா, ஈரல்ல கட்டி. ரெண்டு கட்டி. முன்னாடியே பாத்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்னாரு டாக்டரு. நான் வீட்டுக்கு வந்து பீரோவைத் துழாவினேன். பிரிட்டோ ரிப்போர்ட்டு எல்லாம் பிளாஸ்டிக் கவருல, வருஷவாரியா. அண்ணி பேருல அந்தத் திருச்சிக் காயிதம் ஒண்ணுதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூடப் பாக்கலை.

எனக்குக் கோவம் தாங்கலை. சாகக் கெடக்குறவங்கன்னுகூடப் பாக்காம கத்தினேன். "ஏன் அண்ணி? அவனை ஒரு தடவை விடாமக் கூட்டிக்கிட்டுப் போனீங்களே, அதே ஆஸ்பத்திரிதானே, ஒங்களுக்கு என்ன கேடு?"

"எனக்குப் பாத்து ஏதாவது இருக்குன்னு வந்துட்டா, நாளைக்கு அவனுக்கும் இதுதான்னு தெரிஞ்சிடும்ல பாப்பா. எனக்கு அது தெரியாம இருக்கணும்னு இருந்துச்சு." சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. அவங்க கை ரெண்டும் போர்வை மேல அசையாம இருந்துச்சு.

இப்ப பிரிட்டோ நல்லா இருக்கான். அதை முன்னாடியே சொல்லிடறேன், கேக்குறவங்க தவிக்க வேணாம். தினம் ஒரு மாத்திரை, ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். கல்யாணம் ஆயிடுச்சு, கட்டிக்கிட்டவகிட்ட மொதல்லயே எல்லாத்தையும் சொல்லித்தான் கட்டிக்கிட்டான். பொறந்த அன்னைக்கே கொழந்தைக்கு ஊசி போட்டாச்சு. வெளிநாட்டு ஆசையை விட்டுட்டான். ஆனா அன்னைக்கு எங்களுக்கு இது எதுவும் தெரியாது.

அண்ணி போறதுக்குப் பத்து நாள் முன்னாடி. காலையில பிரிட்டோவுக்கு ரிப்போர்ட்டு வாங்க நான்தான் கூடப் போனேன். தூங்கிக்கிட்டிருந்த கிருமி எழுந்துடுச்சு. ஈரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கு. ஒடனே மாத்திரை ஆரம்பிக்கணும்னாங்க. ரிப்போர்ட்டு என் பையில இருந்துச்சு.

மத்தியான நேரம். அண்ணி ஜன்னலோரக் கட்டில்ல. கண்ணெல்லாம் மஞ்சள். அவனைப் பார்த்ததும் எழுந்து உக்காரப் பார்த்தாங்க, முடியலை.

"என்னடா சொன்னாங்க?"

பிரிட்டோ கட்டில் பக்கத்து ஸ்டூலைப் பார்த்தான். அதுல அவங்க தண்ணி டம்ளரு இருந்துச்சு. அதை எடுத்தான். சட்டை நுனியால அதைத் துடைச்சுக்கிட்டே சொன்னான்: "நார்மல்மா. எல்லாம் நார்மல்னுட்டாங்க."

அண்ணி அவன் கையையே பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. நான் பையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். அவன் துடைச்சுக்கிட்டே இருந்தான்.

"அது சுத்தமாத்தான்டா இருக்கு"ன்னாங்க அண்ணி. "வச்சுட்டு வா, பக்கத்துல உக்காரு."